'பாபா'வை மறுபடி பார்த்தேன்

மதுரை
14.12.2022

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தொந்தரவு.

'அண்ணாத்த' படம் பார்த்ததிலிருந்து மனசே விட்டுப்போச்சு, நம்ம தலைவர் ரஜினி இனி நடிக்காமலே இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் 10ஆம் தேதி அவருடைய பழைய படம் 'பாபா'வை மறுபடி வெளியிட்டார்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன்.

2002 ஆகஸ்ட் 15 ஞாபகம் இருக்கிறதா? 'படையப்பா' வந்து மூன்று வருஷம் காத்துக் கிடந்தோம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, விரலில் பாபா முத்திரை பிடித்துக்கொண்டு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றோம். இடைவேளையில் நீ வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு வாரம், கேட்டவர்களிடமெல்லாம் படத்தில் தலைவர் சிகரெட் பிடிப்பதுதான் பிரச்சினை, பா.ம.க. கட்சிக்காரர்கள் படப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள், அதனால்தான் படம் போகவில்லை என்று சண்டை போட்டோம். நம் ஊரில் யாரும் பெட்டியைத் தூக்கவில்லையே மாப்ள. இங்கேயும்தான் கூட்டம் வரவில்லை.

இப்போது நிதானமாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. 'பாட்ஷா'வை எடுத்த அதே சுரேஷ் கிருஷ்ணாதான் இதையும் எடுத்தார். அங்கே நாயகன் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், அவன் வாங்கிக்கொண்டு நிற்கிறான். உள்ளே என்னவோ இருக்கிறது, எப்போது வெளியே வரப்போகிறது என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'பாபா'வில் பலம் நாயகனுக்குள்ளிருந்து வரவில்லை, இமயமலையில் பாபாஜி என்ற யோகி கொடுத்து அனுப்புகிறார். அன்றைக்கு நாம் பார்த்த படத்தில் ஏழு மந்திரம். அதிலும் பறக்கிற பட்டம் கைக்கு வரவேண்டும் என்பதற்கெல்லாம் ஒன்றைச் செலவழிக்கிறான். மந்திரம் ஒவ்வொன்றாகத் தீரும்போது நமக்குப் பதைக்க வேண்டாமா? விரலை விட்டு எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ரஹ்மான் இசை இருந்தும் அந்த இடங்களெல்லாம் சப்பென்றே போகின்றன.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கதை, திரைக்கதை, தயாரிப்பு எல்லாம் அவரே. நமக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்த படமில்லை, அவர் மனசார நம்பியதை எடுத்தார். நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்குப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு 2005 ஏப்ரல் 14 வரை அவர் படம் எதுவுமில்லை. அன்றைக்கு வந்த 'சந்திரமுகி'யை நினைத்துப் பார். 'பாபா'வில் எங்கே பார்த்தாலும் அவர்தான். 'சந்திரமுகி'யில் உச்சக்கட்டமே ஜோதிகாவுடையது. நாயகன் ஒதுங்கி நின்று அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுக்கிறான். அடி வாங்கிய பிறகு அப்படி ஒதுங்கி நிற்க ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 'அண்ணாத்த'யில் நான் தேடியது அந்த மனுஷனைத்தான். அவர் போய்விட்டார் என்று நீ சொல்கிறாய், என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நேற்று முன்தினம் அவருடைய அடுத்த படம் 'ஜெயிலர்' முன்னோட்டத் துணுக்கு வந்ததே, பார்த்தாயா? நரையை மறைக்காமல் நடந்து வருகிறார். அந்தப் படம் வரும் வாரத்துக்கு இப்போதே லீவு சொல்லி வை. டிக்கெட் என் பொறுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள