ஆச்சி வீட்டில் கவுனி

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மாப்ளே,

நீ வாட்ஸ்அப்பில் மூன்று வரியில் கேட்டுவிட்டாய். பதில் அதில் அடங்காது, அதனால் பழைய வழக்கப்படி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் மகளுக்குச் சென்னையில் பார்த்த வாடகை வீடு பிடித்துப் போயும் வீட்டுக்காரர் “பூனை மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார், எங்கள் வீட்டுச் சொந்தக்கார ஆச்சியைப் பூனைக்கு நான் எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்று கேட்டிருந்தாய். சம்மதிக்க வைத்தேன் என்பதெல்லாம் பெரிய பேச்சு. மூன்று தடவை மூக்குடைபட்டேன். நான்காம் தடவை ஆச்சியே ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன்.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, பட்டாலை, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு விட்டிருப்பது கடைசிக் கட்டு. இரண்டு அறை, அடுப்படி, கிணற்றடி. முன்பக்கம் ஆச்சி தனியாக இருக்கிறார்கள். தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தெரியுமோ? கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் மேலே வருகிறது. காலாற நடந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தால் வருசத்துக்கு வருசம் மெருகேறும். எலுமிச்சைச் சாறு சிந்தினால் தழும்பு விழும். பூனை மூத்திரம் என்ன செய்யும் என்று ஆச்சி கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனி மாசம் ஒரு மழை நாளில் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் இந்தக் குட்டி கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், அட்டைக் கருப்பு. என் மனைவி அன்றைக்குக் கருப்புக் கவுனி அரிசி ஊறப் போட்டிருந்தாள், அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். வாடகைக்கு வந்தபோதே “நாய், பூனை கூடாது” என்று ஆச்சி சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒளித்து வைத்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒன்பது நாள்! இந்த மாதிரி வீட்டில் கடைசிக் கட்டில் தும்மினால் முகப்பில் கேட்கும். பத்தாம் நாள் ஆச்சி வளவில் இருந்தபடியே, “அங்கின என்ன சத்தம்? பச்சப்புள்ள கணக்கா கத்துது?” என்றார்கள். மாட்டிக்கொண்டோம். உன் மகள் “சொல்லாமல் கொண்டுபோய்விடலாமா” என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்கு இதுதான் என் பதில். பூனை ஜன்னலில் உட்காரும் பிராணி. தெருவே பார்க்கும். அதற்கப்புறம் நீ என்ன நியாயம் சொன்னாலும் பொய் சொன்னவன் சொல்வதாகத்தான் காதில் விழும்.

முதல் தடவை நான் எலியைப் பற்றிப் பேசினேன். பழைய வீடு, ஓட்டுக் கூரை, பூனை இருந்தால் எலி அண்டாது என்று. ஆச்சி, “எலிக்குப் பொறி இருக்கு. அது சோறு கேக்காது, குட்டி போடாது” என்றார்கள். முடிந்தது. கருப்புப் பூனை, சகுனம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாம் தடவை என் மனைவி போனாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் மனசு இளகும் என்று நினைத்தாள். அது ஆச்சியின் கைத்தறிச் சேலையில் நகத்தை மாட்டிக்கொண்டு தொங்கியது.

மூன்றாம் தடவை பணம். ஏற்கெனவே கொடுத்த அட்வான்ஸ் போக இன்னும் ஒரு மாத வாடகையைத் தனியாகத் தருகிறேன், தரையோ கதவோ கெட்டால் அதில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அந்தப் பணத்துக்கு நான் உங்களுக்கு வட்டி கட்டணுமாக்கும்?” என்று கேட்டார்கள். வட்டிக் கணக்கில் உலகம் சுற்றிய வம்சம், அவர்களிடம் போய் நான் பணம் பேசியிருக்கிறேன் பார்!

நல்லவேளை, நீ அனுப்பிய “செல்லப் பிராணியை யாரும் தடுக்க முடியாது” என்ற ஃபார்வர்டை அவர்களிடம் நீட்டவில்லை. அதை நான் கொஞ்சம் விசாரித்தேன். 2015இல் இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொன்னது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் குடியிருப்பவர் பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடை செய்யக் கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளர் தன் வீட்டை எந்த நிபந்தனையில் விடுவது என்பது வேறு சங்கதி. அது வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மகளிடம் சொல், சட்டம் பேசிக்கொண்டு வாசலில் நின்றால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

நான்காம் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று ஆச்சி பின்கட்டுக்கு வந்தார்கள். கவுனி பழைய பேப்பர் கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாத்தலாகிப் போறப்ப இத என்ன செய்வீக?” என்றார்கள்.

கூட்டிக்கொண்டுதான் போவோம் ஆச்சி, என்றேன்.

“முன்னாடி இருந்தவுகளும் அப்பிடித்தான் சொன்னாக.”

எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் ஒரு பூனை வளர்த்திருக்கிறார்கள். மாற்றலாகி லாரியில் சாமான் ஏற்றியபோது அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது பூட்டிய கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஆச்சி தினமும் இரண்டு வேளை கட்டுக் கட்டாகத் தாண்டி வந்து பால் வைத்திருக்கிறார்கள். அது விறகு அறையில் குட்டி போட்டது. தெரு நாய் வந்தது. மீதியை ஆச்சி சொல்லவில்லை. “அள்ளிப் பொதச்சது நானு” என்று மட்டும் சொன்னார்கள்.

மாப்ளே, இரண்டு மாசமாக நான் தேக்குக்கும் கல்லுக்கும் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் முகம் மலர்ந்தது. கல்யாணச் சீர் கரண்டி வரைக்கும் பட்டியல் போட்டுப் பெட்டியில் வைக்கிற ஊர் இது. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார்கள். முதல் வரி, வீட்டைக் காலி செய்யும்போது பூனையும் கூடப் போக வேண்டும். அப்புறம் கருத்தடை. ஆறு மாதம் ஆனதும் செய்துவிட வேண்டும், ரசீதைக் காட்ட வேண்டும். போன மாதம் கால்நடை மருத்துவமனையில் செய்தாயிற்று. இனிக் குட்டியும் இல்லை, பருவத்துக்கு வந்து ராத்திரியெல்லாம் கத்துவதும் இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் போட்டோம், வருசா வருசம் போட வேண்டும். வளவுக்கு வரக் கூடாது என்பது இன்னொன்று. வத்தல் காய்கிற இடம், மேலே உத்தரத்தில் சிட்டுக்குருவிக் கூடு வேறு. தூணைக் கீறாமல் இருக்க நான் சவுக்குக் கட்டை ஒன்றை ஆணியடித்து நிறுத்தி, கிணற்றுக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டேன். பூனை கீறுவது குறும்புக்காக அல்ல, நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் உடம்பை நீட்டி முறிக்கவும்தான். எழுந்து நின்று எட்டுகிற உயரமும் ஆடாத பிடிமானமும் இருந்தால் தேக்கை விட்டுவிடுகிறது. கவுனி விட்டுவிட்டது, கதவு ஒன்றில் இரண்டு கோடு போட்ட பிறகு.

வீடு ஆச்சிக்கு மட்டும் சொந்தமில்லை, ஐந்து பங்கு. தாளைப் படம் எடுத்துப் பங்காளிகள் குரூப்பில் போட்டார்கள். கோயம்புத்தூரில் இருப்பவர் மகள் பேறுகாலத்துக்கு வரப் போகிறாளாம், பூனையால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று எங்கோ படித்திருக்கிறார். அது வெறும் வதந்தி இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனால்தான் அது தொற்றும். பூனை மலம் கழிக்கிற மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்து, கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்து, பூனைக்குப் பச்சைக் கறி போடாமல் இருந்தால் பயம் வேண்டாம். சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் அது வரும் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து அனுப்பினேன். நாங்கள் இரண்டு வேளை அள்ளுகிறோம். அவர் கட்டைவிரல் போட்டார். மலேசியாக்காரர் இன்னும் பதில் போடவில்லை, ஆச்சி “அவன் எதுக்கும் போட மாட்டான்” என்று விட்டுவிட்டார்கள்.

அதனால் மகளிடம் சொல், அந்த வீட்டுக்காரரிடம் முதலில் “இதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா” என்று கேட்கட்டும். தடுப்பூசி அட்டையையும் கருத்தடைச் சீட்டையும் கையில் கொண்டு போகட்டும். இப்போது இருக்கிற வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. சரி என்றால் வாய்வார்த்தையோடு விடாமல் ஒப்பந்தத்திலேயே பூனையைச் சேர்க்க வேண்டும். நம் மாநில வாடகைச் சட்டம் 2017இல் வந்து 2019இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எப்படியும் ஒப்பந்தத்தை எழுத்தில்தான் போட வேண்டும். நாளைக்கு அவர் மகன் கைக்கு வீடு போனால், வாயால் சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்? எங்கள் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆச்சி கையெழுத்தைப் பார், அச்சு மாதிரி இருக்கும்.

என் மூட்டுவலி அப்படியேதான். நீ ரிட்டயர் ஆனதும் காலையில் நடக்கப் போவதாக எழுதியதை நான் நம்பவில்லை.

இன்னொரு சங்கதி. தாளில் கடைசி வரியைப் படித்துவிட்டுத் திட்டாதே. தை மாசம் இந்த வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள், அந்த மூன்று நாளும் பூனை வீட்டில் இருக்கக் கூடாது, “நம்பிக்கையான இடத்தில்” விட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எந்த இடம் என்று ஆச்சி கேட்டார்கள். மதுரையில் என் கூட்டாளி வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மண் தட்டு, கூடை, சாப்பாடு எல்லாம் நானே கொண்டுவந்து தருகிறேன். உன் வீட்டுச் சொந்தக்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை கேட்டு வை.

உன்,
பழைய ரூம்மேட்