கட்டி முடித்த கடன் அறிக்கையிலும் முடிய வேண்டும்: இடுக்கி மாவட்ட வங்கியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இடுக்கி மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் வங்கிக் கிளை மேலாளர்கள், இப்பகுதியில் குழுக்கடன் வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) ஏலத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வந்து திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பற்றி நீங்கள் அனுப்பும் தகவலைக் கொண்டு கடன் தகவல் நிறுவனங்கள் தயாரிப்பது கடன் அறிக்கை. எங்கள் மக்கள் பொதுவாக 'சிபில்' என்று சொல்லும் அந்த அறிக்கை, இன்று ரேஷன் கார்டுக்கு இணையான ஆவணமாகிவிட்டது. பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ ஆட்டோ வாங்கவோ கடன் கேட்டு வருபவரிடம் நீங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்படிப்பட்ட அறிக்கையில் தவறு இருந்தால் அதைத் திருத்தும் பொறுப்பு, கடன் வாங்கியவரைவிட, தகவலை அனுப்பிய உங்களுக்கே அதிகம் என்பதைச் சொல்லவே இம்மடல்.

படித்துச் சொல்லும்படி என்னிடம் வந்த அறிக்கைகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா குழுவில் கடன் வாங்கியிருந்தார். அவருடைய தவணை அட்டையில் வாரத்துக்கு ஒரு கட்டம்; கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. மழையில் வேலை நின்ற இரண்டு வாரக் கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. அந்தத் தொகையையும் பின்னால் சேர்த்துக் கட்டியதற்கான கையெழுத்து அடுத்த பக்கத்தில் இருந்தது. கடைசியில் 'லோன் முடிந்தது' என்று வசூலுக்கு வந்தவரே பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அறிக்கையிலோ அதே கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. தாமத நாள்களைக் காட்டும் கட்டங்களில் 30, 60, 90 என்று எண்கள் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகின்றன. மகளின் நர்சிங் படிப்புக்கான கடனில் உடன் கையெழுத்திட அந்த அம்மா போனபோதுதான் இது தெரியவந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளையில் கேட்டால், "அது மேலிடத்தில் செய்ய வேண்டியது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி சேர்க்கைக்கான நாள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், தன் அறிக்கையைப் பெறவும் தவறைத் திருத்தக் கேட்கவும் கடனாளிக்கு உரிமை தருகிறது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, புகார் 30 நாள்களுக்குள் தீராவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் கடனாளிக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அந்த 30 நாள்களில், திருத்திய தகவலைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்ப உங்களுக்கு 21 நாள்கள் உண்டு. அதைத் தவறவிட்டால் அந்த இழப்பீட்டை நீங்கள்தான் தர வேண்டும். இந்த விவரத்தைக் கிளைக் கவுன்டரில் யாரும் சொல்லி எங்கள் மக்கள் கேட்டதில்லை. திருத்தம் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது என்பதும் தெரியாததால், 'ஸ்கோரை (அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண்ணை) ஏற்றித் தருகிறோம்' என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறார்கள். சரியாகப் பதிவான தாமதத்தைப் பணம் வாங்கிக்கொண்டு யாராலும் அழித்துத்தர முடியாது என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒரு வரி எழுதி வைத்தாலே பலருடைய பணம் தப்பும்.

நான் மிகவும் கவலைப்படுவது 'செட்டில்மென்ட்' பற்றித்தான். தவணை நின்றுபோன குடும்பத்திடம், "இவ்வளவு கட்டிவிடுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்கிறீர்கள். அவர்களும் தாலிக்கொடியை அடகு வைத்தாவது கட்டிவிட்டு, பாரம் இறங்கியது என்று நிம்மதியாகிறார்கள். ஆனால் முழுவதும் கட்டி முடித்த கணக்காக அது பதிவாவதில்லை. தள்ளுபடி பெற்றுச் சமரசம் செய்த கணக்காகவே பல ஆண்டுகள் அறிக்கையில் நின்று, அடுத்துக் கடன் கேட்கும் இடத்திலெல்லாம் எதிராகப் பேசுகிறது. இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், இன்னும் சில மாதங்கள் பொறுத்து முழுத் தொகையையும் கட்டக்கூடிய குடும்பங்கள் எங்களிடம் உண்டு. இப்போதும், விட்டுக்கொடுத்த மீதியைக் கட்ட முன்வருபவரிடம் அதை வாங்கிக்கொண்டு, நிலுவையில்லாச் சான்று கொடுத்து, முழுமையாக முடிந்த கணக்கு என்று திருத்தி அனுப்ப உங்களால் முடியும். அந்த வழியை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழுக்கடன் போன்ற நுண்கடனுக்கான ஒப்பந்தம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மலையாளம் பேசப் பழகியிருந்தாலும் அதை வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்கள் லயங்களில் ஏராளம். ஆங்கிலப் படிவத்திலும் மலையாளப் படிவத்திலும் காட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

பெயர்க் குழப்பம் இன்னொரு தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் அல்லது கணவன் பெயரின் முதலெழுத்துத்தான். அது ஆதாரில் முன்னும் பான் கார்டில் பின்னுமாக இருக்கும்; ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள்; முகவரி ஒருவருக்குத் தமிழ்நாட்டிலும் இன்னொருவருக்கு லயத்து எண்ணிலும் இருக்கும். இதனால் ஒருவர் கடன் மற்றவர் அறிக்கையில் ஏறுகிறது. கடன் கொடுக்கும்போதே பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் சரிபார்ப்பதோடு, கைபேசி எண்ணையும் ஆண்டுக்கொரு முறை கேட்டுப் புதுப்பியுங்கள். தவணை தவறியதாகத் தகவல் அனுப்பும்போது கடனாளிக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது விதி. பழைய எண்ணுக்குப் போகும் செய்தியால் யாருக்குப் பயன்?

எங்கள் மக்களின் கடமையையும் நான் மறைக்கவில்லை. தேதி தவறாமல் கட்ட வேண்டும். தெரிந்தவர் என்பதற்காக யோசிக்காமல் ஜாமீன் போடக் கூடாது. ஒரே மாதத்தில் பல இடங்களில் கடன் கேட்டு விண்ணப்பிக்கக் கூடாது. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் முழு அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் லயங்களில் சொல்லி வருகிறோம். 30 நாளில் தீராத புகாரை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகலாம் என்றும் சொல்லிக்கொடுக்கிறோம்.

உங்களிடம் கேட்பவை இவை. கடன் முடிந்த அன்றே, அச்சிட்ட நிலுவையில்லாச் சான்றைக் கையில் கொடுங்கள். வசூலிப்பவரின் பேனா எழுத்து போதாது. 2025 ஜனவரி முதல் மாதம் இருமுறை தகவல் அனுப்பும் முறை வந்துவிட்டதால், முடிந்த கணக்கு மாதக்கணக்கில் திறந்து கிடப்பதற்கு இனிக் காரணம் இல்லை. ஒவ்வொரு கிளையிலும் அறிக்கைத் திருத்தப் புகாரை எழுத்தில் வாங்கி, தேதியிட்ட ரசீது தர ஒருவரை நியமியுங்கள். அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு அந்த ரசீதுதான் தொழிலாளியின் கையில் இருக்கும் ஒரே சான்று. மாவட்டத்து வங்கிகளின் பணியை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள் இதை, வங்கிகளும் அரசுத் துறைகளும் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு பொருளாக எடுத்து, எந்தக் கிளையில் எத்தனை திருத்தப் புகார்கள் நிலுவையில் உள்ளன என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டுகிறேன். நர்சிங் சேர்க்கை தொடங்குவதற்கு முன் அந்தக் கூட்டம் நடந்தால், இந்த ஆண்டே சில பிள்ளைகளுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
பீருமேடு வட்டத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்