அக்காவுக்கு, அந்த அட்டையைப் பற்றி

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை வந்தபோது செருப்பு அலமாரிக்குப் பின்னால் சொருகியிருந்த அழுக்கு அட்டையைப் பார்த்துவிட்டு, "குப்பையை ஏன்டா சேர்த்து வெச்சிருக்க, பிள்ளைக்கு நல்லதா ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கித் தரக்கூடாதா" என்று கேட்டீர்கள். சாப்பாட்டு நேரம், வீடு நிறைய ஆட்கள், பதில் சொல்ல முடியவில்லை.

அது உங்கள் மருமகனின் வண்டி அக்கா. ஈரச்சந்தைப் பழக்கடையில் கேட்டு வாங்கி வந்த ஆரஞ்சுப் பெட்டி. அதைப் பிரித்து விரித்து, புளோக்குக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டின் உச்சிக்குத் தூக்கிப்போய், அதன்மேல் உட்கார்ந்து, முன்பக்கத்தை மடக்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே சறுக்காகக் கீழே வருகிறார்கள், இவனும் ஏழாம் மாடி மலாய்ப் பையனும் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணும். முதல் நாள் மழை விட்ட கையோடு போனார்கள். அட்டை ஊறிக் கூழாகி, பாதி மேட்டிலேயே மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அட்டையின் அடியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தாள், யாரும் சொல்லித்தரவில்லை, ஏழு வயசு. அன்றைக்குப் போன வேகத்தில் இவன் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடையில் வாங்கிய ரிமோட் காரும் வீட்டில் இருக்கிறது, ஆசையாகத்தான் விளையாடினான். ஆனால் அது தானே ஓடுகிறது, இவன் செய்ய அதில் என்ன இருக்கிறது?

சின்ன வயசில் நாம் தோ பாயோ பேட்டையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள். 1979இல் கட்டிய அந்த டிராகன் விளையாட்டு மைதானம், கோர் இயான் கீ வடிவமைத்தது, இன்றும் மணலோடு அப்படியே நிற்கிறது. அதன் முதுகில் ஏறினோம், சறுக்கினோம், சரி, ஆனால் அதிக நேரம் இருந்தது கீழே மணலில், காலி மைலோ டப்பாவோடுதானே. மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்டை ஒன்றுவிடாமல் எடுத்துக் கோத்துக் கயிறாக்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று உயர்த்திக்கொண்டே போய்த் தாண்டுவீர்கள். நான் முனையைப் பிடித்து நிற்பேன்.

அப்புறம் அஞ்சாங்கல். என் பள்ளிக் கால்சட்டை தைத்து மிஞ்சிய துணியில் முக்கோணமாக ஐந்து பை தைத்து, நாலில் அரிசியை நிரப்பும்போது அம்மா பார்த்துவிட்டார். ஐந்தாவதற்குக் கிடைத்தது ஒரு கை பச்சைப் பயறுதான். கொஞ்சம் அதிகமாகவே திணித்துவிட்டீர்கள், மற்றதைவிடக் கனம். ஆனால் எப்போதும் அதைத்தான் மேலே வீசுவீர்கள், கனமாக இருந்தால் கைக்கு நேராக விழும் என்று. ஒன்று ஒன்றாக, இரண்டு இரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலையும் ஒரே வாரில். ஒரு தடவையும் நான் உங்களை ஜெயித்ததில்லை.

அட்டை அங்கேயே இருக்கட்டும் அக்கா, கிழிந்துபோனால் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பொம்மை எதுவும் வேண்டாம், ஊசியும் நூலும் கொண்டுவாருங்கள். அவனுடைய சின்னதாகிப்போன கால்சட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், பச்சைப் பயறும் இருக்கிறது.

உங்கள் தம்பி