ஸூம் ஏன் குதிக்கிறது?

அன்புள்ள மகளுக்கு,

உன் வகுப்புக்காக, பல படங்களைக் கோத்து விண்வெளியிலிருந்து அணுவரை ஸூம் செய்து காட்டும் வீடியோ, படம் மாறும் இடத்திலெல்லாம் குதிக்கிறது, மங்கலாகவும் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். வேறெதையும் தொடுமுன் ‘பவர்ஸ் ஆஃப் டென்’ படத்தைக் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு ஒருமுறை பார். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977இல் எடுத்தது, ஒன்பது நிமிடம்தான். சிகாகோ ஏரிக்கரையில் பிக்னிக் வந்தவர் தூங்குகிறார், காட்சியின் அகலம் 1 மீட்டர். 10 விநாடிக்கு ஒருமுறை அது பத்து மடங்காகும். 240ஆவது விநாடியில் 10இன் 24ஆம் அடுக்கு மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 கோடி ஒளியாண்டு. திரும்பி வருவது அடுக்குக்கு 2 விநாடி வேகத்தில். பிறகு அவர் கைத்தோலுக்குள் நுழைந்து, மறுபடி 10 விநாடிக்கு ஓர் அடுக்காக, 10இன் மைனஸ் 16ஆம் அடுக்கு மீட்டர் வரை இறங்கும்.

அந்தப் படம் எங்கேயும் குதிக்காததற்குக் காரணம், மாறாத விகிதம். நீ கூட்டுகிறாய், அங்கே பெருக்குகிறார்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் ஓர் அடுக்குக்கு 240 ஃப்ரேம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 1.0096 மடங்கு. நீ வைத்திருப்பதுபோல் 1 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை சம அளவாகக் கூட்டினால் ஃப்ரேமுக்கு 3.75 சென்டிமீட்டர். 1 மீட்டரில் அது 3.75 சதவீதம், 10 மீட்டரை எட்டும்போது வெறும் 0.375. வேகமாகக் கிளம்பி, சோர்ந்து, அடுத்த படத்தில் மறுபடி பாயும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் ‘கீஃப்ரேம் அசிஸ்டென்ட்’ மெனுவில், மாறாத விகிதத்தில் பெரிதாக்கும் ‘எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்’ இருக்கிறது, அதைப் போடு.

படம் மங்குவது வேறு கோளாறு. 1920 பிக்சல் படத்தின் நடுப்பகுதியில் பத்தில் ஒன்று 192 பிக்சல்தான். அதைத் திரை முழுக்க இழுத்தால் கஞ்சியாகத்தான் தெரியும். அடுக்குக்கு ஒரு படம் போதாதும்மா, நான்கு வை. அப்போது ஒன்றுக்கொன்று 1.78 மடங்குதான், 3,420 பிக்சல் அகலமே போதும். இரண்டு படங்களின் மையத்தையும் முழுதாகப் பெரிதாக்கிய நிலையில் பொருத்து. சின்னதில் ஒரு பிக்சல் பிசகினால் பத்து மடங்கில் பத்து பிக்சல். நிழல் விழும் திசையும் ஒன்றாக இருக்கட்டும்.

அணுவுக்குள் மைனஸ் 10இலிருந்து மைனஸ் 14 வரை ஏறக்குறைய வெட்டவெளி, நடுவிலுள்ள அணுக்கருவே கண்ணில் படாது. அந்த 40 விநாடியில் மின்மினிப் பொறிகளைத் தூவிவிடாதே. பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்று வெட்டவும் வேண்டாம். அணுவுக்குள் எவ்வளவு வெற்றிடம் என்பதை அந்தக் காத்திருப்புதான் சொல்லும்.

முதல் மூன்று அடுக்கை மட்டும் வீடியோவாக ரெண்டர் செய்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா