அப்பாவின் பாதங்களைக் கழுவிய சிஸ்டர்களுக்கு

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

வணக்கம். எங்கள் அப்பா போன ஆவணியில் காலமானார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க உயிர் பிரிந்தது. காரியத்துக்கு வந்துபோனவர்களுக்கு நன்றி சொல்லி அட்டை அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அட்டையில் உங்களுக்கு ஒரு வரிதான் போட முடிந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை. "ஊரே படிக்கிற மாதிரி எழுது" என்றார். அதனால்தான் இந்த மடல்.

அப்பாவுக்குத் தொழுநோய் இருந்தது. இதை வெளிப்படையாக எழுதலாமா என்று நாங்கள் அக்கா தம்பிகள் தயங்கினோம். "யார் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டினவரு அவரு. நாம எதுக்கு மறைக்கணும்?" என்று அம்மா முடித்துவிட்டார். பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். உங்கள் பெயர் அச்சில் வருவது உங்களுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இந்த நோய் இல்லாத ஊர் குறைவு. அப்பாவுக்கு முதலில் முதுகில் ஒரு தேமல் வந்தது. அது அரிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. பிறகு வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்க ஆரம்பித்தன. ஒரு மாசியில் வெல்லம் காய்ச்சும்போது கொப்பரை விளிம்பில் கை பட்டுத் தோல் வெந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கத்திய பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. விஷயம் பரவியதும் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் வந்தது. எங்கேயாவது தூரத்தில் உள்ள இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று உறவுக்காரர்களே பேசினார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

நன்றியில் முதல் பங்கு சைக்கிளில் வந்த பி.எம்.டபிள்யூ. அண்ணனுக்கு, அதாவது தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்க வரும் துணை மருத்துவப் பணியாளருக்கு. தெருவில் உள்ள ஆண்களையெல்லாம் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெயிலில் நிற்கவைத்து முதுகைப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார். அப்பா காட்டாத இடம் அந்தத் தேமல். அன்றைக்கே சீட்டு எழுதி உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே சிஸ்டர் டாக்டர், அதாவது டாக்டருக்குப் படித்த கன்னியர், சொன்ன முதல் வார்த்தையை அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாசத்துல ஒரு நாள் இங்க வா, என் எதிர்ல மாத்திரையை முழுங்கு. மத்த நாளெல்லாம் உன் வீடு, உன் நிலம், உன் பிள்ளைங்க." இல்லத்தில் சேர்க்கும் பேச்சு அந்த ஒரே நாளில் எங்கள் வீட்டில் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்த காலம் அது. மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின், கூடவே டாப்சோன், குளோஃபாசிமின். அப்பாவின் வகைக்கு அப்போது இரண்டு வருடம் சாப்பிட வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே. முகம் கறுக்கும், மருந்தை நிறுத்தினால் போகப்போகச் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தீர்கள். சொன்னபடியே அப்பாவின் முகம் கறுத்தது. நோய் முற்றிவிட்டது என்று ஊர் பேசியது. அடுத்த தடவை ஜீப்பில் ஊருக்கு வந்து கிளினிக் நடத்தியபோது புளியமரத்தடியில் நின்று, சிஸ்டர் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி விளக்கம் சொன்னார். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்பதையும் அப்போதுதான் ஊர் கேட்டது.

மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்புக்கு உயிர் வராது. பாதத்தில் உணர்ச்சி போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. அந்தக் காலைச் சாகும்வரை காப்பாற்றியாக வேண்டும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த வேலையைப் பற்றி.

கட்டுக் கட்டும் தாழ்வாரத்தில் காலையில் பேசின்கள் வரிசையாக இருக்கும். அப்பா இருபது நிமிடம் காலை ஊறவைப்பார். வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரிலேயே நரைத்துப்போன ஒரு வயதான சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். ஊறிய காலைத் தூக்கித் தன் மடியில் விரித்த துண்டின்மேல் வைத்துக்கொள்வார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். குதிகாலில் காய்த்துப்போன தோலைக் கல்லால் தேய்ப்பார். கெட்டியாக இருந்தால் பிளேடால் மெல்லிசாகச் சீவுவார். ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவிவிடுவார். "இன்னாப்பா, இந்தக் கொப்புளத்தை எங்க இருந்து வாங்கினு வந்த?" என்று எங்கள் செய்யாற்றுப் பக்கத்துத் தமிழிலேயே அதட்டுவார்.

ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டார். நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்பாவைத் தொட்டதில்லை. இதை அம்மாவே எங்களிடம் பிற்பாடு சொன்னதால்தான் எழுதுகிறேன். சிஸ்டர் ஒரு வார்த்தையும் புத்தி சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து அப்பாவின் பாதத்தில் வைத்து, "இங்க அமுக்கிப் பாரு, சூடா இருக்குதா? அந்தக் காலைத் தொட்டுப் பாரு. இது சூடு ஜாஸ்தி. உள்ள புண்ணு கிளம்புது. அவனுக்கு அது தெரியாது. உன் கைதான் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து போன ஆவணி வரை, சாப்பாடு முடிந்ததும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு பாதங்களையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். இடையில் ஒரு தடவை உடைமுள் ஏறிப் பெரிய புண்ணாகி, மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரம் படுக்க நேர்ந்தது. மற்றபடி கடைசிவரை இரண்டு காலும் முழுசாக இருந்தன. ஆஸ்பத்திரி ஒரு குடும்பத்துக்கு எத்தனையோ கொடுக்கலாம். எங்களுக்கு நீங்கள் அம்மாவின் கையை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தீர்கள்.

செருப்பு அறையில் இருந்த அண்ணனையும் சொல்ல வேண்டும். அவரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளியாக வந்தவர்தான். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரை அப்பாவின் பாத அளவுக்கு வெட்டி, ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் கொடுப்பார். ஆணி வெளியே வந்தால் குத்துவது தெரியாதே. கழன்று விழாமலிருக்கப் பின்னால் ஒரு வார். அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே ஊரில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று அப்பா ஒருமுறை வருத்தப்பட்டார். அடுத்த ஜோடிக்கு மேல்வாரைக் கடைச் செருப்பு மாதிரியே போட்டுக் கொடுத்தார் அந்த அண்ணன்.

மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தியவர் சிஸ்டர் டாக்டர். வேறு தசைநாரைத் திருப்பி விரலுக்கு இணைக்கும் வைத்தியம் அது. முதலில் மெழுகு ஒத்தடமும் பயிற்சியும், பிறகு ஆபரேஷன், மாவுக்கட்டு, மறுபடியும் பயிற்சி. பிஸியோதெரபி அக்கா அப்பாவை எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி மணி பொறுக்க வைத்தார். சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்ட முதல் நாள் அப்பா இரண்டு தடவை குழம்பு கேட்டார்.

ஒரு கன்னியர் கையில் அறுவைக் கத்தி இருப்பதே ஒரு காலத்தில் நடக்காத காரியம் என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். துறவறச் சகோதரிகள் முழுமையான மருத்துவம் பார்ப்பதற்கும் பிரசவம் பார்ப்பதற்கும் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த டாக்டர் அன்னா டெங்கல் ராவல்பிண்டியில் வேலை பார்த்தவர். ஆண் டாக்டரிடம் போக வழியில்லாமல் பெண்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர். அவர் 1925இல் மருத்துவத்துக்கென்றே ஒரு சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936 பிப்ரவரியில் ரோம் அந்தத் தடையை நீக்கியது. உங்கள் சபை வேறு, அவருடைய சபை வேறு. ஆனாலும் அப்பாவின் விரல் நிமிர்ந்த கதையில் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எஃப்.எம்.எம். (ஃபிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) என்று எல்லோரும் சொல்லும் உங்கள் சபை பிறந்ததே நம் ஊட்டியில்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பிரான்சின் நான்த் நகரத்தில் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன் 1865இல் மதுரை மிஷனுக்கு வந்தார். அவரும் அவரோடு இருந்தவர்களுமாக இருபது சகோதரிகள் 1876இல் தங்கள் பழைய சபையை விட்டு வெளியே வந்து ஊட்டியில் கூடினார்கள். 1877 ஜனவரி 6ஆம் தேதி புதிய சபைக்குப் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி கொடுத்தார். 1898இலேயே உங்கள் சிஸ்டர்கள் ஐந்து பேர் ஜப்பானில் குமமோட்டோ பக்கத்தில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்யப் போயிருக்கிறார்கள். கூட்டு மருந்து வருவதற்கு எண்பது வருடத்துக்கு முன்னால், குணமாக்க எதுவுமே கையில் இல்லாத காலத்தில் போனவர்கள். அதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எங்களிடம் பேசியதேயில்லை. வந்துபோன வருடங்களில் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறேன். மாதச் சம்பளம் மடத்தின் பொதுப்பணத்துக்குப் போய்விடும். வெளியூர் போக பஸ் காசு வேண்டுமென்றாலும் மதரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாற்றல் வந்தால் ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பிவிடுவீர்கள். நாங்கள் வாசலில் நின்று அழுவோம். நீங்கள் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறுவீர்கள். கேரளத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டருக்குத் தாயார் இறந்த செய்தி வந்தது. ஊருக்குப் போய் அடக்கம் முடித்துத் திரும்பிய மறுநாளே கட்டுக் கட்டும் தாழ்வாரத்தில் நின்றார். அப்பா துக்கம் விசாரித்தபோது அவருக்குக் கண் கலங்கிற்று. கையிலிருந்த இடுக்கி மட்டும் நிற்கவில்லை.

அதனால் இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்களைப் பெற்றவர்களுக்கு. துறவறத்துக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளில் மகளைப் பீடத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வெறும் கையோடு வீடு திரும்பிய தாய் தகப்பன் எத்தனை பேர்! எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளின் நஷ்டத்தில் எங்கள் வீடு பிழைத்தது.

ஆளைச் சேர்க்கத்தான் இதெல்லாம் செய்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். அப்பா கடைசிவரை படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வருடா வருடம் ஆடியில் பொங்கல் வைத்தவர். அந்தப் பிரசாதத்தை உங்களுக்கு எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். மதம் மாறு என்று ஒரு நாளும், ஒரு சிஸ்டரும் சொல்லவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா விஷயத்தை மறைக்க மறுத்து, சிஸ்டர் டாக்டரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கேள்விமேல் கேள்வி கேட்டார். பரம்பரையாக வருமா, குழந்தைக்கு வருமா, ஒரே பந்தியில் சாப்பிடலாமா? ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். நடுவில் அப்பாவைப் பார்த்து, "எனக்கு ஒரு காபி" என்றார். அப்பா தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார். தாய்மாமன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். அந்த வீட்டில்தான் நான் இன்று மருமகளாக வாழ்கிறேன்.

1898ஆம் வருடத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த பிரிவு 2019இல்தான் போனது. செய்தியைப் படித்துக் காட்டியபோது, "சிஸ்டருங்க இதை எப்பவோ ரத்து பண்ணிட்டாங்க" என்றார் அப்பா. நோய் இன்னும் போய்விடவில்லை. இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உலகக் கணக்கில் இது பாதிக்கும் மேல். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம் என்று இதைப் படிக்கிறவர்களிடம் அப்பா சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறை சிஸ்டர், மருந்துச் சீட்டு எழுதிய அக்கா, ஜீப் ஓட்டிய அண்ணன், வார்டு கூட்டிய ஆயாம்மா எல்லோருக்கும் எங்கள் வணக்கம். முக்காலியில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். வாசல் கேட்டில் சொல்லி வையுங்கள்.

அறுவடைக்கு அறுவடை அப்பா கொண்டுவந்து போட்ட மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை இந்தக் கார்த்திகையிலும் வரும். தம்பி எடுத்துக்கொண்டு வருவான். செருப்பு அறைக்கென்று அப்பா தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தையும் அவனிடமே கொடுத்து அனுப்புகிறோம். ரசீது அம்மா பெயருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளியின் மூத்த மகள்