மாமிக்கு: அந்தச் சம்பந்தத்தை ஏன் மறுத்தேன்

அன்புள்ள மாமி,

என் தம்பிக்கும் உங்கள் மகளான மச்சாளுக்கும் பேசிய சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொன்னதும், தேநீரைத் தொடாமல் எழுந்து போனீர்கள். அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊர் களுவாஞ்சிக்குடியில் எத்தனை பேர் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். யார் பெயரையும் எழுதவில்லை. மச்சாளிடம் கேட்டுத்தான் பதிவிடுகிறேன். சிலவற்றை வீட்டுக்கு வந்துதான் சொல்ல முடியும்.

என் பிள்ளை பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி அந்த மடங்கிய முழங்கால்களை நீவியவர் நீங்கள். ஆனால் ஒரு இரவு மட்டும் என்னை விடுவதாக இல்லை. குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி கட்டிலோரம் நின்றீர்கள். பஞ்சு சிவக்கும், மாற்றுவீர்கள், மறுபடி சிவக்கும். அவள் விழி வெள்ளையெல்லாம் மஞ்சள். உரிந்த தோல் செதில் செதிலாக உங்கள் சேலையில் ஒட்டியிருந்தது. விடியும்வரை நீங்கள் உட்காரவில்லை. பெற்ற தாய்கூட எனக்காக அப்படி நின்றிருப்பாளா தெரியாது.

அப்படி நின்ற நீங்கள்தான் பிறகு சமையலறையில், "வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று முற்றத்தில் இறங்கினாள், சொன்னால் கேட்டாளா?" என்று என்னைச் சொன்னீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அவளுக்குப் பால் கொடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன்.

கிரகணம் இல்லை மாமி. அவளுக்கு வந்தது ஏ.ஆர்.சி. என்ற நோய். மூட்டு, சிறுநீரகம், ஈரல் மூன்றையும் சேர்த்துத் தாக்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. எங்கள் வீட்டில் பழுதானது 15ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஒரு பரம்பரையலகு (ஜீன்). அதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பையே 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். கலத்துக்குள் உண்டாகும் பொருட்களை உரிய இடத்தில் சேர்ப்பது அதன் வேலை. அது பழுதானால் ஈரலில் பித்தம் தேங்கும், உடம்புக்கு வேண்டியதையெல்லாம் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும். இரத்தக் கசிவும் எளிதில் நிற்காது. அதனால்தான் ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுக்க கொழும்பு டொக்டர் மறுத்தார். அன்று அவரைத் திட்டினீர்கள். அவர் செய்ததுதான் சரி.

அந்தப் பரம்பரையலகு எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. என்னிடம் ஒரு பழுதான பிரதி, உங்கள் மகனிடமும் அச்சொட்டாக அதே பழுது. பழுதானதோடு நல்லது ஒன்றும் இருப்பதால் இருவரும் சுகமாக இருக்கிறோம். பழுதான இரண்டும் ஒரே பிள்ளையில் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. அப்பப்பாவிடமிருந்தோ அப்பம்மாவிடமிருந்தோ, அப்பா வழியாக எனக்கும் உங்கள் வழியாக உங்கள் மகனுக்கும் வந்திருக்க வேண்டும். இதைப் பழியாகச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் பழியாகவும்தான் சொல்கிறேன். இவ்வளவு காலமும் என் வயிற்றைத்தானே குற்றம் சொன்னீர்கள்.

"குடி மாறித்தானே கட்டினோம்" என்று கேட்டீர்கள். மாறித்தான். நம் பக்கத்தில் குடி என்னும் குலம் தாய்வழி போகிறது. அண்ணன் மகளும் தங்கை மகனும் வேறு வேறு குடி, முறையான சம்பந்தம். இந்தப் பழுதோ தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும். குடிக் கணக்கில் அது அகப்படாது.

ஊராருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காவியாக இருப்பது, அதாவது ஒரு பழுதான பிரதியை மட்டும் சுமப்பது, நோய் அல்ல. மச்சாளுக்கு அது இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. இதை வாசித்துவிட்டு அவளைப் பற்றி யாராவது வாய் திறந்தால் முதலில் என்னிடம் பதில் சொல்ல வேண்டும்.

சபையில் உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னியுங்கள். தனியாகச் சொல்லியிருந்தால் அடுத்த கிழமையே நாள் குறித்திருப்பீர்கள், மாமி. உங்களை எனக்குத் தெரியும். இன்னொரு குதிகாலில் நீங்கள் பஞ்சு பிடித்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தம்பி பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். மச்சாளும் வருவதாகச் சொல்கிறாள். நீங்கள் தடுக்காமல் இருந்தால் போதும். இருவரில் ஒருவருக்கு அந்தப் பழுது இல்லை என்று வந்தாலே கூறைச்சேலை எடுக்க நானே உங்களோடு கடை கடையாக ஏறி இறங்குவேன். இருவருக்கும் இருந்தால், எத்தனை வருடம் என்னோடு பேசாமல் இருந்தாலும் என் பதில் அன்று சொன்னதுதான்.

உங்கள் மருமகள்