மென்சவ்வு அரிதட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் மாணவர் பக்கத்தில் கலத்தின் கட்டமைப்பைப் பற்றி வெளியான குறிப்பை, சாதாரண தரத்தில் படிக்கும் என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். கரு, குழியவுரு, இழைமணி, புன்வெற்றிடம் ஆகியவற்றுக்கு அதில் தரப்பட்ட விளக்கங்கள் சரியானவை. இந்திய நூல்களில் வரும் 'செல்', 'சவ்வூடு பரவல்' ஆகியவற்றைக் கலக்காமல், நம் இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'கலம்', 'பிரசாரணம்' என்ற சொற்களையே எழுதியவர் கையாண்டிருப்பதும் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால், கலத்தைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையான கலமென்சவ்வு மா அரிக்கும் அரிதட்டைப் போன்றது, சிறியவற்றை விட்டுப் பெரியவற்றைத் தடுக்கும் என்று எழுதி, துளைகள் நிறைந்த படம் ஒன்றையும் போட்டிருப்பதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

அந்த உவமையை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் கற்பித்த காலத்தில், பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழும்பி, "சேர், உப்பு சீனிய விடச் சின்னதுதானே, அப்ப அது ஏன் தானா உள்ளுக்குப் போகல்ல?" என்று கேட்டான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது, நான் தப்பினேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. சோடியம் அயனின் சார்திணிவு 23, குளுக்கோசு மூலக்கூற்றினுடையது 180, எஸ்ட்ரடையோல் என்னும் பெண்பால் ஓமோனுடையது 272. அரிதட்டுக் கணக்குப்படி சோடியம் முதலில் கீழே விழ வேண்டும், ஓமோன் தட்டிலேயே தங்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு: ஓமோன் எந்த உதவியும் இன்றி மென்சவ்வைக் கடந்துவிடும், சோடியம் அயன் வெளியே நிற்கும். ஏனெனில் மென்சவ்வு, ஏறத்தாழ 7 முதல் 8 நனோமீற்றர் தடிப்பில், பொசுபோலிப்பிட்டு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு படைகளாக அடுக்கப்பட்டு அமைந்தது. நீரை நாடும் தலைகள் இரு புறமும் வெளியே பார்த்திருக்க, நீரை ஒதுக்கும் வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கியிருப்பதால், உள்ளே இருப்பது ஓர் எண்ணெய்ப் படலம். எண்ணெயில் கரையும் ஓமோனும், மின்னேற்றமற்ற சின்னஞ்சிறு ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் அதனூடாக இலகுவாகப் பரவிச் செல்லும். மின்னேற்றம் கொண்ட அயனோ தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைக் கைவிட்டு எண்ணெய்க்குள் இறங்காது, எத்தனை சிறிதாக இருந்தாலும்.

அப்படியானால் அயன்களும் குளுக்கோசும் எவ்வாறு போகின்றன? 1972 இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்மச் சித்திரவடிவ மாதிரியுரு காட்டுவதுபோல், அந்த எண்ணெய்ப் படலத்தில் புரதங்கள் ஆங்காங்கே மிதக்கின்றன, அவையே வாசல்கள். ஒவ்வொரு வாசலும் தனக்குரியதை அடையாளம் கண்டு விடுமேயன்றி அளவை மட்டும் பார்ப்பதில்லை. நீருக்கென்றே அமைந்த அக்குவாபோரின் என்ற புரதத்தைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் அக்ரேக்கு 2003 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாசல் நீரை விடும், நீரைவிடச் சிறிய புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனை, விடாது. இப்படி ஓர் அரிதட்டை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

தவிரவும், அரிதட்டு எதையும் மேல்நோக்கித் தூக்குவதில்லை. கலத்தினுள் சோடியம் குறைவு, வெளியே கூடுதல். ஆகவே அது புரத வாசல்களூடாக எப்போதும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைத் தோணியில் வாவிக்குப் போனவர், வலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பாரே, அதே வேலையைக் கலம் ஓயாமல் செய்கிறது. 1957 இல் ஸ்கோ கண்டறிந்த சோடியம்–பொற்றாசியம் பம்பி, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவிட்டு 3 சோடியம் அயன்களை வெளியேற்றி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளெடுக்கிறது. உயிர்ப்பான கொண்டுசெல்லல் என்று பிள்ளைகள் மனனம் செய்வது இதைத்தான்.

பிழையான ஓர் உவமையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது, பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த தாய் ஒருவர், வயிற்றோட்டத்தால் சோர்ந்திருந்த பிள்ளைக்கு வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு–குளுக்கோசுத் தூளான ஜீவனி ஒரு பைக்கற்றை ஒரே ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். "கட்டியாக் குடுத்தால் கெதியாப் பிடிக்கும், மாஸ்டர்" என்றார். துளைகளின் வழியே எல்லாம் உள்ளே ஊறும் என்று நினைப்பவருக்கு அது சரியாகத்தான் படும். உண்மையில் குடற்சுவரின் கலங்களில் உள்ள ஒரு புரதம், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே எடுக்கும். நீர் அவற்றின் பின்னால் பிரசாரணத்தால், அதாவது கரைபொருட்செறிவு கூடிய பக்கத்தை நோக்கி மென்சவ்வினூடாக நகர்ந்து, போகும். இந்தக் கூட்டுப் போக்குவரத்தை றொபேட் கிரேன் 1960 இல் எடுத்துரைத்தார். 1971 இல் வங்காளதேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாயால் பருகக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். கரைசல் கட்டியானால், குடலினுள் செறிவு கூடி, கலங்களில் உள்ள நீர் குடலுக்கு இழுபட, வயிற்றோட்டம் இன்னும் மோசமாகும். இக்காரணத்தினாலேயே 2002 இல் உலக சுகாதார நிறுவனம் அக்கரைசலின் செறிவை லீற்றருக்கு 311 மில்லிஒஸ்மோலிலிருந்து (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) 245 ஆகக் குறைத்தது. பைக்கற்றில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவு சும்மா எழுதப்பட்டதல்ல.

குறிப்பில் இன்னொரு குழப்பமும் உண்டு: வெங்காயத் தோலின் படத்தில் தாவரக் கலத்தில் மென்சவ்வுக்கு வெளியே இருக்கும் தடித்த கலச்சுவரையே மென்சவ்வு என்று குறித்திருக்கிறார்கள். வாசலில் அழகுக்கு நடும் றியோ இலையின் ஊதா நிறக் கீழ் மேற்றோலை உரித்து, உப்புக் கரைசல் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இரண்டும் வேறு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சுவர் பெரும்பாலும் இருந்தபடியே இருக்க, ஊதா நிறம் மட்டும் சுருங்கி மூலைகளிலிருந்து விலகி நடுவே திரளும். இடையில் உண்டாகும் வெளியை நிரப்புவது அந்த உப்புக் கரைசலே. அது சுவரைத் தாராளமாகக் கடந்து வந்து, மென்சவ்வின் வாசலில் நின்றுவிட்டது.

எனவே, அடுத்த வாரம் திருத்தம் போடும்போது, மென்சவ்வின் படத்திலுள்ள துளைகளை நீக்கி, இரு படைகளையும் புரத வாசல்களையும் வரையுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரிதட்டு என்ற உவமையைக் கைவிட எழுதியவருக்கு மனமில்லையாயின், அதைக் கலச்சுவருக்குக் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.